துவக்கின் நெற்றி

மே 31, சனி

துவக்கு வீட்டுக்கு வந்துவிட்டது. இரவல் இல்லை, சூட்டுப் போட்டிக் கிளப்பின் பொதுத் துவக்கும் இல்லை. என்னுடையது. ஒருமுறை சுட்டால் அடுத்த தோட்டா தானாகவே மேலேறும். பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூரா தந்த உரிமத்தில் என் பெயர் இருக்கிறது.

துவக்கைப் பூட்டி வைக்கும் இரும்பு அலுமாரியைத் தாங்க இந்த வீட்டில் ஒரே ஒரு சுவர்தான் உண்டு. அது அம்மாவும் நானும் படுக்கும் அறையில். அம்மா தன் கட்டிலைக் குசினிக்கு இழுத்துக்கொண்டு போனார். பிறகு அங்கிருந்தே கதைத்தார்.

"துவக்குச் சத்தம் கேட்கக்கூடாதெண்டுதான் இவ்வளவு தூரம் வந்தனான். நீ அதைக் கொண்டுவந்து தலைமாட்டிலை வைக்கிறாய்."

போருக்குள்ளிருந்து என்னைச் சிசிலிக்குத் தூக்கிவரும்போது எனக்கு மூன்று வயது. இப்போது முப்பத்தாறு. இரும்புத் தட்டைச் சுடுவதற்கும் ஆளைச் சுடுவதற்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் குசினியில் படுக்கிறார். படுக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

புதுத் துவக்கோடு கிளப்புக்குப் போன முதல் நாளே மானம் போயிற்று. ஓட வேண்டும், நின்று இரும்புத் தட்டுகளைச் சுட்டு விழுத்த வேண்டும், ஓடிக்கொண்டே கையால் தோட்டா நிரப்ப வேண்டும். நேரம் பிடிப்பார்கள். என் துவக்கு இரண்டு வெடிக்கு ஒருமுறை வெற்றுத் தோட்டாவைத் துப்பாமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றது.

அணியை நடத்தும் சால்வோ எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கேசிகா, இது முரட்டு விளையாட்டு. உனக்கு இரட்டைக் குழல் போதும். ஆற அமரச் சுடலாம்."

சிசிலிப் போட்டிக்கு நான்கு பேர். தெரிவு ஒக்ரோபர் 12. நான் போவேன். இந்தத் துவக்கோடுதான் போவேன்.

ஜூன் 10

துவக்குத் திருத்தும் தூரி கிழவர் சிரிக்கவில்லை. தொழிற்சாலையில் பூசிய தடித்த கிரீஸைக் கழுவித் துடைத்தார். "புதுசு இறுக்கமாகத்தான் இருக்கும். முதல் இருநூறும் வலுவான தோட்டா. அதன் பிறகு இலேசானது" என்றார். எண்ணெயை மட்டாக விடச் சொன்னார். கூடினால் கரியும் தூசியும் அதில் ஒட்டிப் பிசினாகிவிடுமாம்.

ஜூன் 28, சனி

வலுவான தோட்டா நூற்றிருபது முடிந்தது. துவக்கு உதைத்துத் தோள் கத்தரிக்காய் நிறம்.

ஜூலை 3

படிக்கட்டுக் கழுவப் போகும் கட்டிடத்தில் மூன்றாம் மாடி வீட்டுக்காரம்மா, அந்தச் சிஞ்ஞோரா, என் தோளைப் பார்த்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு, யார் அடித்தது, என்னிடம் சொல், பயப்படாதே என்றார். நானேதான் என்றேன். நம்பவில்லை. தன் தங்கை வக்கீல் என்றும் சொன்னார். வாளியைத் தூக்கிக்கொண்டு நாலாம் மாடிக்கு ஓடினேன்.

ஜூலை 15

நேற்று ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் திருவிழா வாணவேடிக்கை. கீழ்வீட்டுச் சூசையம்மாவோடு கடற்கரைக்குப் போய் முழுவதையும் பார்த்துவிட்டு வந்தார் அம்மா. அந்த வெடிக்குப் பயமில்லையாம்.

ஓகஸ்ட் 23, சனி

ஆறடி ஆம்பிளைக்கு அளவெடுத்துச் செய்த துவக்கு. தூரியிடம் கொடுத்துத் தோளில் வைக்கும் பின்கட்டையில் இரண்டு சென்ரிமீற்றர் வெட்டுவித்தேன். வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது, விற்கவும் முடியாது என்றார். விற்க யார் வந்தது? வெட்டுங்கோ.

இழுக்கும் பிடியையும், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பூட்டை விடுவிக்கும் பொத்தானையும் பெரிதாக மாற்றியாயிற்று. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரலுக்கும் இனி அவை தட்டுப்படும். தோட்டா நிரப்பும் வாயின் விளிம்பு பெருவிரலைக் கடித்துக்கொண்டே இருந்தது. அதை நானே அரமும் அரத்தாளும் வைத்து இரண்டு பின்னேரமாக மழுக்கினேன். இப்போது கடிப்பதில்லை.

செப்டெம்பர் 14, ஞாயிறு

இலேசான தோட்டா ஐம்பது. ஒன்றுகூடச் சிக்கவில்லை. சால்வோ மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

செப்டெம்பர் 18

குசினி மேசையில், மருந்தில்லாத பொய்த் தோட்டாவை நான்கு நான்காக உள்ளங்கையில் அடுக்கி எடுத்துப் பழகிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றார் என்றுதான் நினைத்தேன்.

"நாலாவதுக்கு உன்ரை பெருவிரல் சுணங்குது" என்றார்.

ஓம், சுணங்குகிறது.

ஒக்ரோபர் 1, புதன்

சரஸ்வதி பூசை. குசினியின் சாமித் தட்டின் முன்னால் அம்மா வருடா வருடம் வைக்கிற இஸ்திரிப்பெட்டி, கத்தரிக்கோல், என் வேலைச் சாவிக்கொத்து. எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுத் திரும்பிப் பாராமலே சொன்னார்: "வீட்டிலை இருக்கிற ஆயுதத்தை உள்ளை பூட்டி வைச்சிட்டு என்ன ஆயுத பூசை. கொண்டு வா."

அலுமாரியைத் திறந்து எடுத்துவந்தேன்.

"வெறுமைதானே?"

"வெறுமைதான் அம்மா. பாருங்கோ." திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தார். சந்தனத்தைக் குழைத்தார்.

"இதுக்கு நெற்றி எங்கை?"

மரக்கட்டையைக் காட்டியிருக்கலாம். சந்தோசத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. வெற்றுத் தோட்டா வெளியே பாய்கிற பக்கத் துவாரத்துக்கு மேலே, இரும்பின் உச்சியைக் காட்டினேன். தடிப்பாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார்.

பூசையில் வைத்ததை விடியும்வரை தொடக்கூடாது. துவக்கைத் தனியே விடவும் முடியாது. ஆகவே அம்மா, நான், துவக்கு, மூவரும் குசினியில் படுக்கை.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

மூன்று தரம் சிக்கியது. மூன்று தரம்! தெரிவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது. சால்வோ துவக்கை மோந்து பார்த்தார். "கோயில் மாதிரி மணக்கிறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "அடுத்த ஞாயிறு ஒருமுறை சிக்கினாலும் உன் பெயரை வெட்டுவேன்."

வெட்டிப் பாரன். என்ரை பெயர் மூண்டு எழுத்துத்தான், ஆனா லேசிலை வெட்டுப்படாது.

வீட்டில் கழற்றினேன். உள்ளே மஞ்சள் சேறு. விசயதசமி காலையில் சந்தனத்தை ஈரத்துணியால் துடைக்க மனம் வரவில்லை, மேலோட்டமாகத் தட்டிவிட்டு விட்டேன். காய்ந்து உதிர்ந்து உள்ளே போய், எண்ணெயோடு சேர்ந்து பூட்டு ஓடுகிற தண்டவாளத்தில் இறுகிக் கிடக்கிறது.

அம்மா வாசலில் நின்றார். "என்ரை சந்தனமோ?"

"நான்தான் நெற்றியைப் பிழையாக் காட்டினனான்."

போனார். கோபமாக்கும் என்று நினைத்தேன். பழைய பல்துலக்கியும் பல்குத்தும் குச்சியும் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தார். முப்பது வருடம் சிஞ்ஞோராக்களின் வெள்ளிச் சாமான் மினுக்கிய கை. எந்த மூலையில் அழுக்கு ஒளிக்கும் என்று எனக்கு முன்னே அதற்குத் தெரிகிறது. எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். "போதும், ஒரு சொட்டு" என்றார். தூரி சொன்னதும் அதுதான்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

காலை வெளிக்கிடும்போது சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பெட்டியை என் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"அதுக்கு வேண்டாம். நீ குனி." என் நெற்றியில் வைத்தார். "நீ சிக்கமாட்டாய்."

நான்கு ஓட்டம். ஒன்றும் சிக்கவில்லை. இரண்டாம் ஓட்டத்தில் ஒரு தட்டு தப்பியது. அது என் பிழை, துவக்கின் பிழை அல்ல. கடைசி ஓட்டத்தில் வியர்வையோடு சந்தனம் கண்ணுக்குள் இறங்கியது. எரிச்சலோடே நிரப்பினேன். நாலாவது தோட்டா சுணங்கவில்லை.

சால்வோ பட்டியலை வாசித்தார். மூன்று பெயர். தொண்டையைச் செருமினார். பிறகு என் பெயர். நெற்றியில் என்ன பூச்சு என்று கேட்டார். "துவக்குக்கு வைத்தது, இடம் மாறிவிட்டது" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தவும் இல்லை.

ஒக்ரோபர் 15, புதன்

வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், அம்மாவின் கட்டில் அறையில் கிடக்கிறது. இரும்பு அலுமாரிக்கு மேலே அவரது மூக்குக்கண்ணாடியும் மருந்துப் பெட்டியும்.

"குசினியிலை குளிரடிக்குது" என்றார்.

வெளியே இருபத்தைந்து பாகை. ஓம் அம்மா, நல்ல குளிர்தான் என்றேன்.