முரசுக்கு ஈடுகொடுக்கும் தரவுத்தளம்

மலை தந்த நீர் வற்றாதிருக்க, நீர் தந்த நெல் குன்றாதிருக்க, வரையாற்று நாடாளும் மாமன்னர் நெடுஞ்சேயர் கோல் சாயாதிருக்க. அம்மன்னரின் நீர்வாரியப் பேரமைச்சர் எயினனார், கடைமடைக் கூற்றத்தின் தலைவரும் பெருவெள்ளத்தில் மார்பளவு நீரில் நின்று கரை காத்தவருமாகிய அழிசியார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் கூற்றத்துக் கரைகள் உறுதியாய் நிற்பனவாகுக. தங்கள் மக்கள் வீட்டு அடுப்புகள் எரிவனவாகுக.

தாங்கள் முன்னர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. கடைமடை மதகுக் காவலன் சாத்தையன் தொடர்ந்து சில நாள் விடியல் முரசுக்கு நீர்முறையைப் பதியாமல் உறங்கிப்போனான் என்றும், விசாரித்தபோது பதிந்ததாகப் பொய்யுரைத்தான் என்றும், ஆதலால் மதகுச் சாவியைப் பறித்து அவனைக் காவலினின்று நீக்கியதாகவும் எழுதியிருந்தீர்கள். அத்தீர்ப்பின்மேல் நீர்வாரிய முத்திரையும் வேண்டியிருந்தீர்கள். அமைச்சர் முத்திரையிடவில்லை. ஏன் இடவில்லை என்பதைச் சொல்லவே இவ்வோலை.

நம் நாட்டு முறை தாங்கள் அறியாததன்று. மாமன்னர் பார்வைக்கும் இவ்வோலையின் படி ஒன்று செல்வதால் எழுத வேண்டியதாயிற்று. அக்காலத்தில் விடியல் முரசு அதிர்ந்த கணத்தில் மதகுக் காவலர் அனைவரும் ஒருசேரச் செந்துணிக்கொடி நட்டு அன்றைய நீர்முறையைக் கேட்பர். இக்காலத்தில் அதே கணத்தில் அலைபேசித் திரையைத் தொடுகின்றனர். முரசுக்கு முன் தொட்டால் நீர்த்திருட்டு. ஒருமுறைக்கு மேல் தொட்டால் பேராசை. பதியாத மதகுக்கு அன்று நீரில்லை. இச்செயலியை ஆக்கித் தந்தவள் தலைநகரத்துப் பெண் கொற்றி. அரண்மனை அவளுக்கு அறையும் தரவில்லை, கருவியும் தரவில்லை. தன் வீட்டுப் பழங்கணினியில் தானே எழுதினாள்.

சாத்தையன் தங்கள் ஓலைக்கு முன்பே நடந்து வந்து அமைச்சர் வாயிலில் நின்றான். காலெல்லாம் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுமாறு அமைச்சர் பணித்தமையால் அவ்வண்ணமே எழுதப்படுகிறது: "தூங்குனேன்னு சொல்றவுக என் கண்ண வந்து பாக்கட்டும் சாமி. முரசு விழுந்துச்சு, தொட்டேன். பதிஞ்சிருச்சுன்னு பச்சையா எழுதிக் காட்டுச்சு. மறுக்கா தொட்டிருந்தா பேராசக்காரன்னு கட்டி வச்சிருப்பீக. தொடாததுக்குச் சாவியப் புடுங்குறீக. நான் எந்தப் பக்கந்தான் நிக்க?"

கல்லுடைக்கும் பாறையடியில் பிறந்து, வெடிக்குத் திரி வைத்துவிட்டு ஓடி வளர்ந்தவர் அமைச்சர். உழைப்பவன் பொய்யே சொல்லமாட்டான் என்று நம்பும் மனிதரல்லர். அவனும் சொல்வான், வயிறு சொல்லவைக்கும். ஆயினும் இவன் பொய்யில் இவனுக்கு என்ன ஆதாயம் என்று எண்ணிப் பார்த்தார். பயிர் பால்பிடிக்கும் பருவத்தில் தன் வயலுக்கும் தன் ஊருக்கும் வரும் நீரைத் தானே எவன் தள்ளுவான்? ஆகவே முரசொன்றையும், தலைநகரை அடுத்த மதகுகளின் காவலர்களையும், சாத்தையனையும் அழைத்துக்கொண்டு கொற்றியின் வீட்டுக்கே சென்றார். முரசு உள்ளே போனதைக் கண்ட எதிர்வீட்டுக்காரி, "கொற்றிக்குக் கல்யாணமா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?" என்று கேட்டாள்.

கொற்றி தன் கணினியில் செயலியை ஓட்டிக் காட்டினாள். ஒருவர் தொட்டார்; பதிந்தது. அடுத்தவர் தொட்டார், அதுவும் பதிந்தது. எத்தனை முறை செய்தாலும் ஒரு குறையும் தென்படவில்லை. அவள் முகத்தில் சிறிது தெம்பு வந்தது. சாத்தையன் முகம் இருண்டது. "வரிசையில நின்னு தொடச் சொன்னா யாருக்குத்தான் பதியாது? முரசை அடிங்கப்பா" என்றார் அமைச்சர். முரசு அதிர்ந்தது. எல்லா விரல்களும் ஒருசேர விழுந்தன. எல்லாத் திரைகளும் பச்சை காட்டின. கணினிக்குள் பார்த்தாலோ, சிலர் முறை இருந்தது, சிலர் முறை இல்லை. சாத்தையன் முறை இல்லை.

கொற்றி தான் எழுதிய நிரலை வரிவரியாகத் திறந்து பார்த்தாள். பின்பு, தான் இச்செயலிக்கு அடியில் வைத்தது சிமிழ் என்னும் இலவசத் தரவுத்தளம் என்றும், அது ஒரே கோப்பில் அடங்கி எளிய கணினியிலும் இலகுவாய் ஓடும் என்றும், ஒருவர் எழுதும் கணத்தில் மற்றவர் எழுதவொட்டாமல் அது பூட்டிக்கொள்ளும் என்றும் கூறினாள். பூட்டியிருந்தால் காத்திருந்து எழுதுமாறு அவள் சொல்லி வைக்கவில்லை. எழுத இயலாதபோதும் திரை பச்சை காட்டிவிட்டது. தலைநகரத்து அலைபேசி முந்திக்கொள்ள, தொலைவிலுள்ள கடைமடையின் தொடுகை நாள்தோறும் பிந்தி வந்து பூட்டில் முட்டித் திரும்பியிருக்கிறது. "நான் ஒருத்திதானேங்கய்யா எழுதி, நானேதான் தொட்டும் பாத்தேன். தொட்டது ஒரே ஒரு கைதான். முரசு நினைப்பே வரல" என்றாள். சிமிழின்மேல் பழி இல்லை. ஒரு வீட்டுக்குச் சோறாக்கும் பானையில் ஊருக்கே உலை வைத்தால் பானை என்ன செய்யும்?

இனி எதை வைப்பது என்ற கேள்வி எழுந்தது. அரண்மனைக் கணினித் தலைவர் பெருங்கண்ணனார், கடல்கடந்த வணிகன் இலவசமாய் அளிக்க முன்வந்த பொற்பேழை என்னும் தரவுத்தளமே அரசுக்குப் பெருமை என்றார். அமைச்சர் அவ்வணிகனின் ஆளை அழைத்து, "இலவசம்னா எதுவரைக்கும் இலவசம்?" என்று வினவினார். குறித்த அளவு நிறையும்வரை இலவசம், நிறைந்தபின் உரிமம் பெறவேண்டும் என்றான் அவன். "நடு வெள்ளாமையில நிறைஞ்சா?" என்றதற்கு, அதைத் தன் தலைவரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினான். இன்றுவரை சொல்லவில்லை. மேலும் பொற்பேழையை நிறுவியதும் கொற்றியின் கணினி மேடேறும் பாரவண்டி மாடுபோல் மூச்சிரைத்து நின்றுவிட்டது.

கொற்றி தேர்ந்தது குதிர் என்னும் தரவுத்தளம். அதன் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம். அளவு நிறைந்தது என்று கதவடைப்பாரில்லை. பல கைகள் ஒருசேர எழுதினாலும் ஒவ்வொன்றுக்கும் இடம் கொடுக்கிறது. அவள் கணினியே அதைத் தாங்குகிறது. ஆனால் வேலை அதிகம். எப்போதும் விழித்தே இருக்கவேண்டிய சேவகன் அது. பயனர், கடவுச்சொல், காப்புப்படி எல்லாம் ஒருவர் கவனித்துவர வேண்டும். "இதுக்கு இம்புட்டு வேலை தேவையா?" என்று பெருங்கண்ணனார் முகம் சுளித்தபோது, "வேலைக்கு அஞ்சுறவுக முரசு நாட்டுல ஏன் இருக்கீக?" என்று சாத்தையன் இடைபுகுந்தான். அமைச்சர் அவனை அடக்கவில்லை. கொற்றி குதிர்த் தரவுத்தளத்தை நிறுவி, உண்மையில் பதிந்த பின்னரே பச்சை எரியுமாறு திருத்தினாள். மீண்டும் முரசு அதிர்ந்தது. ஒரு முறையும் தவறவில்லை.

ஆதலால் நீர்வாரியம் கட்டளையிடுவது: முறைநீர்ச் செயலி இன்றுமுதல் குதிரின்மேல் நிற்க. சொந்தக் கணினியில் எழுதப்படும் எச்செயலியும், அதைப் பயன்படுத்தும் மக்கள் ஒருங்குகூடி அவர்கள் வழக்கப்படியே தொட்டுப் பார்த்தபின் அன்றி நாட்டில் நடமாடாதொழிக. கொற்றிக்கு அரண்மனையில் அறையும் நல்ல கணினியும் வழங்கப்படுக. சாத்தையன்மேல் சாற்றிய குற்றம் அவன் ஊர் நடுவே, சாற்றிய அதே வாயால் நீக்கப்படுக. அந்த வாய் தங்களுடையது என்பதை அமைச்சர் வருத்தத்துடன் தெரிவிக்கிறார். அவர் முத்திரையிட்டிருந்தால் அது அவர் வாயாகவும் இருந்திருக்கும்.

சாத்தையனே இவ்வோலையைக் கொணர்ந்து தங்கள் முன் நிற்கிறான். விட்டுப்போன முறைகளுக்கு ஈடாக இன்று மேல்மதகுகள் அடைபட்டிருக்கும். ஆற்று நீர் முழுவதும் கடைமடைக்கே. ஏறுவெயிலுக்கு முன் அது தங்கள் எல்லையைத் தொடும்; மதகு பூட்டிக் கிடந்தால் கடலுக்குப் போகும். எனவே தாங்கள் இவ்வரியோடு வாசிப்பை நிறுத்தி எழுந்து சாவியை அவன் கையில் கொடுக்க. வாழ்த்தும் முத்திரையும் கீழே உள்ளன. அவற்றை வந்து பார்த்துக்கொள்ளலாம்.