காதால் கேட்காதது

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் மச்சான் ஜாமீனில் வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

தையல் ஆலை தீப்பிடித்தபோது பின்கதவு பூட்டியிருந்ததால்தான் அந்த இரண்டு பெண்களும் செத்துப்போனார்கள். பூட்டியவர் இவர். அதை நீ பார்த்தாய். பார்த்ததை மறைக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. பூட்டச் சொன்னது முதலாளி என்பதையும் சேர்த்துச் சொல் என்றுதான் கேட்கிறேன். ஆலையில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அங்கேதானே அவர்கள் பிழைப்பு, ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நீ ஒயரிங் வேலைக்கு வெளியிலிருந்து போனவன். "முதலாளி சொன்னது என் காதுல விழுந்துச்சு" என்று ஒரு வார்த்தை போதும். நடந்ததும் அதுதானேடா?

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். முதலாளி சொல்லாமல் மச்சான் பூட்டியிருக்க மாட்டார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான் கேட்கவில்லையே அக்கா. கேட்டேன் என்று கர்த்தர் முன்னால் எப்படிச் சொல்வேன்? அம்மா போனபிறகு வேதத்தின் பத்துக் கற்பனைகளை எனக்கு மனப்பாடம் பண்ணவைத்தவள் நீ. பொய்ச்சாட்சி என்று வரும் இடத்தில் நான் திக்குவேன், நீ தலையில் குட்டுவாய்.

உள்ளதை மட்டும் சொன்னால் மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விசுவாசிக்கிறேன். மச்சானுக்காக உபவாசம் இருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தீர்ப்பன்று உன் பக்கத்தில் வர எனக்குத் தைரியம் இல்லை. சாட்சி சொன்ன அன்று முதலாளியின் வக்கீல், "பூட்டச் சொன்னதை நீங்க கேட்டீங்களா?" என்றார். "கேக்கலை" என்றேன். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். இப்போது மச்சான் உள்ளே, முதலாளி வெளியே. காரில் ஏறுமுன் அவர் என் கையைப் பிடித்து, "நேர்மையான மனுஷன்ப்பா நீ" என்றார். கையை உதறக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

செத்துப்போன பெண் ஒருத்தியின் அம்மா வாசலில் நின்றிருந்தார். "நீ யாருக்குப்பா சாட்சி சொன்னே?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தில் என்னைப் புகழ்ந்தார். சபையே திரும்பிப் பார்த்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். முழங்காலில் நின்றால் ஜெபம் வரமாட்டேன் என்கிறது. நான் செய்தது சரிதான் என்று நீயாவது ஒரு வரி எழுது.

உன் தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

உன் மச்சானைச் சிறையில் பார்த்துவிட்டு வந்தேன். பாதியாய் இளைத்துவிட்டார். "அவன் மேல கோவப்படாத, பார்த்ததைத்தானே சொன்னான்" என்கிறார். அவருக்கு அது முடிகிறது. எனக்கு முடியவில்லை.

ஒரு வரி கேட்டாய். நீ செய்தது சரிதான். கர்த்தருடைய கணக்கில் உன் பேரில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் உன் முகத்தை இனி என்னால் பார்க்க முடியாது. பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள். பேச்சை மாற்றிவிடுகிறேன்.

இந்த வீட்டைக் காலி செய்கிறோம். எங்கே என்று எழுதப்போவதில்லை. உன் அக்கா எங்கே என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல். அது பொய்யாக இருக்காது.

அக்கா