ஏழாம் பாட்டு வராத காரணம்

வாழ்க கொற்றம், வளர்க வேங்கைமலை நாடு, மழை பொய்யாது பெய்க, ஏரிகள் கரை ததும்பி நிற்க.

ஏழு குன்றும் இரண்டு ஆறும் ஆளும் வேந்தர், பகைவர்க்கு இடியும் புலவர்க்கு நிழலுமாகிய திருவளர் நன்மாறரையர் திருவடிகளுக்கு, மூத்த அமைச்சன் தாழைக்குடி ஆதிச்சன் கழிமுக நாட்டு ஓடத்துறையிலிருந்து தலை தாழ்த்தி எழுதும் ஓலை. அடியேன் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. மூன்று நாள் ஓடத்தில் மடங்கிக் கிடந்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

தங்கள் தம்பியார் வெற்பரையர் எல்லைப் போரில் பட்டு ஓராண்டு நிறையப்போகிறது. நடுகல் செதுக்கி முடித்தாயிற்று. அதில் பொறிக்கும் எட்டுப் பாட்டையும் தாமே பாடுவதாகச் சூளுரைத்தீர்கள். ஆறு வந்தன, ஏழாவது ஐந்து திங்களாக வரவில்லை. பாட்டு முடியாமல் கல் நடலாகாது, கல் நடாமல் அவர் மனைவியார் நோன்பு விடலாகாது. அந்த அம்மையார் ஒருவேளைக் கஞ்சியில் துரும்பாய் இளைப்பதைப் பொறாமல்தான், நூறு நடுகற்களுக்குப் பாடிய இக்கழிமுக நாட்டுப் புலவர் பூதங்கண்ணிக்குப் பாட்டு எங்கிருந்து வருகிறது என்று அறிந்து வருமாறு அடியேனை அனுப்பினீர்கள்.

மூலிகையோ மந்திரமோ தாமரைக் குளமோ இருக்குமென்று எண்ணி வந்தேன். அப்படி ஒரு மண்ணும் இல்லை. மீன் இறக்கும் துறையை ஒட்டிய வீடு. ஈயும் இரைச்சலும் சொல்லி மாளாது. அவர் மென்ற பாக்கை நானும் மென்றேன், அவர் அமர்ந்த பாயில் நானும் அமர்ந்து பார்த்தேன். அவருக்குப் பாட்டு எழுந்தது, எனக்குக் கொட்டாவிதான் எழுந்தது.

நான்காம் நாள்தான் ஒன்று கண்ணில் பட்டது. நடுகல் பாட்டை, இறந்தவரை அறியாத ஒருவரிடம் முதலில் படித்துக் காட்டுவது இந்நாட்டு வழக்கம். கேட்பவர் எதையும் வினவலாம், புலவர் சினக்கலாகாது. பூதங்கண்ணிக்குக் கேட்பவள் சடைச்சி என்னும் மீன்காரி. உச்சிவேளையில் கூடையைக் காலி செய்துவிட்டு வந்து உட்காருகிறாள். நன்று என்றோ தீது என்றோ சொல்வதில்லை. ஆநிரை மீட்டுப் பட்ட வீரன் ஒருவனைப் பற்றிய பாட்டைக் கேட்டுவிட்டு, “மாட்ட மீட்டாரு, சரி. அதுல அவரு மாடு ஒண்ணாச்சும் உண்டா?” என்றாள்.

புலவருக்கு விடை தெரியவில்லை. மறுநாள் காலையில் அவ்வீரன் இல்லம் சென்று விசாரித்தார். அவனுக்கு மாடே இல்லையாம். வெயில் சாய்வதற்குள் பதினெட்டு அடிகள் பிறந்துவிட்டன! எப்படி என்று வியந்து வினவினேன். தெரியாத ஒன்று உள்ளே கிடந்து அரித்தால் தமக்கு எழுத்தாணி தானே நகருமென்றும், தெரிந்ததையே எழுதப் புகுந்தால் கை தூங்கிவிடுமென்றும் விடை தந்தார்.

அடியேனுக்கு ஆவல் அடங்கவில்லை. தங்கள் ஆறு பாட்டையும் சடைச்சியிடம் படித்தேன். இப்பாட்டுகளை அவையில் கேட்டபோது நாங்கள் எல்லோரும் ஆகா என்றோம். உரக்கச் சொன்னவன் நான்தான். அது பொய், வேந்தே. அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், பொறுத்தருள்க. “புலின்னீங்க, இடின்னீங்க, மலைன்னீங்க. மனுசன் எப்ப வருவாரு ஐயா?” என்றாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தேன். பிறகு, “அண்ணன்தானே பாடுறாரு? தம்பி சண்டைக்குப் போன அன்னிக்கு வாசல் வரைக்கும் வந்தாரா?” என்று கேட்டாள்.

எல்லைப் படைக்குத் தலைமை யாருக்கு என்று இருவரும் சொல் தடித்துப் பிரிந்ததையும், தம்பியார் புறப்பட்ட காலையில் தாங்கள் மாடத்தை விட்டு இறங்காததையும் நாடே அறியும்; எவரும் பேசுவதில்லை. ஆறு பாட்டிலும் அந்தக் காலை இல்லை. ஏழாவது அங்கேதான் முடங்கிக் கிடக்கிறது என்று அஞ்சுகிறேன். இதை எழுதியதற்குத் தலை கொய்வதானால் கொய்க. கிழத்தலைதான், பெரிய இழப்பில்லை. ஆனால் கல் நட்ட பிறகு கொய்க.

வேங்கை இலச்சினை இட்டுக் கட்டிய இவ்வோலையை, அரசர் தனித்திருக்கையில் அவர் கையிலன்றிப் பிறர் கையில் கொடுக்கலாகாது என்பது கொண்டு வருவோனுக்கு ஆணை. அரசருக்கு ஆணையிட அடியேன் யார்? அறிந்த ஒரு செய்தியை மட்டும் மறைக்காமல் சேர்க்கிறேன். அன்று வாசலில் வெற்றிலை கொடுத்து வெற்பரையரை வழியனுப்பியவன் நான். குதிரை ஏறிய பின்னும் அவர் நகரவில்லை; மாடத்தையே பார்த்தபடி நெடுநேரம் நின்றார். உடன் சென்ற படைத்தலைவர் ஒருவர், தங்களை அழைத்து வரட்டுமா என்று அவரிடம் கேட்டார். “வேண்டாம், அண்ணன் ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டார், இப்போதாவது தூங்கட்டும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.