நூற்று எண்பத்தாறு பூட்டுகள்

கார்தோனே
1989 ஆகஸ்ட் 6, ஞாயிறு

அன்பு மகன் லிவியோவுக்கு,

இங்கு நானும் அப்பாவும் நலம். நீ நலம் என்பதை ஆக்னேசே சித்தியின் கடிதத்தில் பார்த்தோம். உன் கையெழுத்தில் பார்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். எஃகு ஆலையில் உன்னை நிரந்தரமாக்கிவிட்டார்களாம். வயிறாரச் சாப்பிடுகிறாயாம். ஆனால் சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறக்கிறாய் என்று எழுதியிருக்கிறாள். மூன்று மாதமாகியும் அந்த ஆஸ்திரேலிய ஊர் உனக்கு ஒட்டவில்லையா, அல்லது எங்கள் மேல் கோபமா, தெரியவில்லை.

வெயில் கொளுத்துகிறது. மெல்லா ஆற்றில் கணுக்கால் நனையத்தான் தண்ணீர். அப்பாவுக்கு முழங்கால் வலி விடவில்லை. துப்பாக்கிக் குழல் மெருகிடும் இடத்தில் நாள் முழுக்க நின்றால் எப்படி விடும்? மேற்பார்வைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றால், "நான் உக்காந்தா நீங்க எல்லாரும் என்னைப் பொட்டியில வச்சிருவீங்க" என்கிறார்.

தொழிற்கூடத்தில் என் பழுது மேசைதான் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் புரட்சியின் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடி முடித்துவிட்டார்கள் அல்லவா? நாம் வசந்தத்தில் அவசர அவசரமாகச் செய்து அனுப்பிய பழைய காலப் படைத் துப்பாக்கிகள் இப்போது ஒவ்வொன்றாக நோயோடு திரும்பி வருகின்றன. லியோனில் ஒரு பல் டாக்டர், பொறியே பறக்கவில்லை என்று எழுதியிருந்தார். திறந்து பார்த்தால், சக்கிமுக்கிக் கல் வந்து அடிக்கும் எஃகுத் தகட்டுக்கு மனிதர் எண்ணெய் தடவி வைத்திருக்கிறார், துருப்பிடிக்கக் கூடாதாம். எண்ணெயில் எங்கிருந்து பொறி வரும்? இன்னொருவர் சுட்ட துப்பாக்கியைக் கழுவாமல் இரண்டு வாரம் மூலையில் சாத்தி, பிறகு மோட்டார் எண்ணெய் ஊற்றித் துடைத்திருக்கிறார். கருமருந்துக் கரியும் அந்த எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரி அடைத்துக்கொண்டது. கொதிக்கிற வெந்நீரை விட்டால் கருமருந்துக்கு வேறு மருந்தில்லை என்று அகராதியைப் பார்த்துப் பார்த்து மூன்று மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இவை சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் வந்தது.

பிரான்சில் லாங்கர் என்ற ஊரிலிருந்து சொலாஞ்ஜ் என்ற பெண் எழுதியிருக்கிறாள். கணவர் ரெமி, ரொட்டி சுடுகிறவர். ஜூலை பதினாலாம் தேதி விழாவில் வரிசையில் நின்று, அந்தக் காலத்துச் சிப்பாய்கள் செய்தபடியே செய்திருக்கிறார். கல்லைக் கவ்வியிருக்கும் குதிரையைப் பாதி இழுப்பில் நிறுத்தி, பக்கத்துக் கிண்ணத்தில் கருமருந்திட்டு, மீதி மருந்தைக் குழல் வாயில் கொட்டி, அது அடியில் இறங்குவதற்காகக் துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ஒரு தட்டு தட்டியிருக்கிறார். அந்தத் தட்டிலேயே குதிரை விழுந்து வெடித்துவிட்டது. வலது கண் போயிற்று. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. "அவர் குதிரையை முழுசா இழுக்கவே இல்லை. நான் பக்கத்திலேயே நின்னேன்" என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறாள்.

துப்பாக்கியின் சுடும் விசையான பூட்டையும் கூடவே அனுப்பியிருந்தாள். கழற்றிப் பார்த்தேன். பாதி இழுப்பில் குதிரையைப் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் அந்த ஒரே ஒரு பல்தான், உனக்குத் தெரியாததா? அது முறிந்து கிடந்தது. முறிந்த இடம் சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல மினுங்கியது. பூட்டுத் தகட்டின் உட்புறத்தில் மூன்று புள்ளி. உன் முத்திரை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த எஃகு கடினமாகும், ஆனால் கண்ணாடி போல ஆகிவிடும். நாலு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்துப் பதம் இறக்கினால்தான் அடி தாங்கும். மார்ச், ஏப்ரலில் தோய்த்த பற்களுக்கு அந்த இரண்டாம் சூடு வைத்தாயா?

பதில் போடு. அங்கே இப்போது குளிர்காலம் என்கிறாள் சித்தி. மார்பை மூடிக்கொண்டு வெளியே போ.

உன்னை நினைத்தபடி,
அம்மா சான்தினா

கார்தோனே
செப்டம்பர் 10, ஞாயிறு

அன்பு லிவியோ,

உன் கடிதம் வந்தது. ஆறு வரி. கடல், மழை, உலைக்களத்தில் உன்னோடு வேலை செய்யும் கிரேக்கர். கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

போன மாதக் கடைசியில் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். கௌதென்சியோவை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். முப்பது வருடமாக என்னை "நீ" என்று கூப்பிடுகிற மனிதர், அன்றைக்கு "வாங்க சான்தினா, உக்காருங்க" என்றார்.

காப்பீட்டுக்காரர்களுக்குப் பழுது மேசையின் அறிக்கை வேண்டுமாம். அவரே ஒரு வரி தட்டச்சு செய்து வைத்திருந்தார். வாடிக்கையாளர் பல்லை அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார், அதனால் முறிந்தது என்று. அரம் பட்டிருந்தால் கோடு கோடாக இருக்கும், இது அப்படி இல்லையே என்றேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அந்த மூணு புள்ளி எனக்கும் தெரியுது சான்தினா. நான் பாக்காத மாதிரி இருக்கேன். நீங்களும் அப்படி இருந்தீங்கன்னா உங்க பையன் பேரு இந்தக் கதவைத் தாண்டாது. பத்தொன்பது குடும்பம் இங்க கஞ்சி குடிக்குது, யோசிச்சுக்குங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், லிவியோ. போட்டதும் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "வேற என்ன பண்ண முடியும்? ஆறிப் போகுது, சாப்பிடு" என்றார். நீயும் அவரும் ஒரே வார்ப்பு.

அன்றிலிருந்து எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் முதலில் முத்திரையைத்தான் தேடுகிறேன். வேறு ஏதோ கோளாறு என்று வந்த துப்பாக்கிகளில் ஐந்து உன் முத்திரையோடு இருந்தன. ஐந்திலும் பல்மேல் அரத்தை வைத்துப் பார்த்தேன், பிடிக்கவே இல்லை; பதம் இறக்காத எஃகு. பனிக்கட்டியில் கால் வழுக்குவது போல வழுக்கிப் போனது. அந்தப் பற்களைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, நம் அடுப்புச் சூளையில், ரொட்டித் தட்டில் வைத்து, வைக்கோல் நிறம் வரும் வரை சூடேற்றி, மறுநாள் யாருக்கும் தெரியாமல் திருப்பி மாட்டினேன். திருடியதைத் திருப்பி வைக்கிறவள் போல இருந்தது.

ஐந்துதான். பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று புள்ளியோடு போனவை நூற்று எண்பத்தாறு. மற்றவை யார் யார் வீட்டுச் சுவரிலோ தொங்குகின்றன. இந்த மாதம் இருபதாம் தேதி வால்மி போர் நாள். பிரெஞ்சுக்காரர்கள் மறுபடியும் வரிசை கட்டி நிற்பார்கள். தெருவில் நடக்கும்போதும், கோயிலில் முழந்தாளிட்டிருக்கும்போதும், நூற்று எண்பது பேர் கட்டையைத் தரையில் தட்டும் சத்தம் காதில் கேட்கிறது. சொன்னால் உன் பேர் சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் யாரோ ஒருவர் கண்ணை இழப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் முட்டுகிறது.

நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அம்மா

கார்தோனே
நவம்பர் 5, ஞாயிறு

என் மகன் லிவியோவுக்கு,

எட்டு வாரமாக நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படி.

சென்ற கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லா முகவரிக்கும் அஞ்சலட்டை எழுதினேன். "இந்தத் துப்பாக்கியில் மருந்து இடாதீர்கள். பூட்டை மட்டும் கழற்றி எனக்கு அனுப்புங்கள். உள்ளே இருக்கும் பல் முறியக்கூடும். தவறு உங்களுடையது அல்ல, எங்களுடையது." கீழே என் முழுப் பெயர். நம் ஊர்த் தபால் நிலையத்தில் இருப்பது முதலாளியின் தங்கை மகள். அதனால் பஸ் ஏறிப் பிரெஷா போய்ப் போட்டேன். சொலாஞ்ஜுக்கு மட்டும் தனிக் கடிதம். நான் கையெழுத்திட்ட அறிக்கை பொய் என்று எழுதினேன்.

வால்மியில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெட்ஸ் ஊர்க்காரர் ஒருவர் என் அட்டையைப் படித்துவிட்டு, மருந்தில்லாத துப்பாக்கியைப் பாதி இழுப்பில் வைத்துக் கல்தரையில் ஒரு தட்டு தட்டிப் பார்த்திருக்கிறார். பல் முறிந்து குதிரை விழுந்துவிட்டது. முறிந்த துண்டை உறையில் போட்டு அனுப்பியிருந்தார். கூட இருந்த சீட்டில் "நன்றி" என்று மட்டும் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

பிறகு பூட்டுகள் வர ஆரம்பித்தன, கூடை கூடையாக. விஷயம் வெடித்தது. முதலாளி என்னைப் பார்த்துக் கத்தினார், பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டார். வேலையை விட்டு நீக்கவும் முடியவில்லை. வருவதெல்லாம் என் பெயருக்கு வருகிறது. பழுது பார்க்கத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான். ஆகவே காலை ஏழு மணிக்குப் போய் அதே மேசையில் உட்கார்கிறேன். கழற்று, சூடேற்று, அரம் வைத்துப் பார், மாட்டு, கட்டு. மத்தியானம் நான் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. துப்பாக்கிக் கட்டைக்கு மெருகு போடும் எல்வீரா, உன் ஞானஸ்நானத்துக்கு அங்கி தைத்துக் கொடுத்தவள், எல்லாருக்கும் கேட்கும்படி, "வந்துட்டாங்கப்பா புனித சான்தினா! பத்தொன்பது வீட்டு அடுப்புல தண்ணியை ஊத்தினவங்க. எந்திரிச்சு முழங்கால் போடுங்கடி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

இன்று வரை நூற்று எழுபத்தொன்று சரியாகிவிட்டன. பதினைந்து பேர் இன்னும் பதில் போடவில்லை. மறுபடி எழுதியிருக்கிறேன்.

சொலாஞ்ஜின் பதில் வந்தது. வசவு இருக்கும் என்று பயந்து அப்பாவைப் பிரிக்கச் சொன்னேன். வசவு இல்லை. ஊரார் எல்லாரும் ரெமியை அஜாக்கிரதைக்காரன் என்று சொல்லிச் சொல்லி, அவரே அதை நம்பிவிட்டாராம். "உங்க கடிதத்தை மூணு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் கண்ணாடி முன்னால போய் நின்னு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்புறம் முதல் தடவையா கண்ணுக் கட்டை அவிழ்த்து முகத்தைப் பார்த்தார்" என்று எழுதியிருக்கிறாள். எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

இனி உன்னைப் பற்றியது.

பிரெஷாவில் விசாரணை தொடங்கிவிட்டது. குற்றம் தொழிற்கூடத்தின் மேல்தான் என்றானதும் முதலாளி கதையை மாற்றிவிட்டார். இரண்டாம் சூடு வைக்காமல் விட்டது லிவியோவின் சோம்பேறித்தனம், பந்து விளையாடப் போகிற அவசரம், மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்துதான் ஆஸ்திரேலியாவுக்கு ஓடினான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் அதை நம்புகிறார்கள். உண்மையைச் சொன்னால் என் கழுத்துச் சுருக்கு தளரும் என்று நினைத்தேன். அது உன் கழுத்தில் போய் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெற்றவளே உன்னைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிட்டது.

கல்லறைத் திருநாளன்று தாத்தாவின் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தோம். அப்பா திடீரென்று வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். ஈஸ்டர் வாரத்தில் நீ அவரிடம் வந்தாயாம். லாரி காத்திருக்கிறது, இரண்டாம் சூட்டை விட்டுவிடு என்று முதலாளி சொல்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்றாயாம். "முதலாளி சொன்னா செய். துப்பாக்கி மேல அவர் பேர்தானே இருக்கு? பெரிய இஞ்சினியர் மாதிரி பேசாத" என்று அப்பா உன்னை மற்றவர்கள் முன்னாலேயே கேலி செய்தாராம். அதன்பின் நீங்கள் இருவரும் பேசவில்லை. நீ விரும்பிய மார்கேனோ ஊர்ப் பெண் விஷயத்தில்தான் சண்டை என்று நான் ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு உங்கள் இருவர் மேலும் கோபம். உன் உலைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர்தானே? சுவரைத் தட்டியிருந்தால் வந்திருப்பேன். ஆனால் நானும் கையெழுத்துப் போட்டு, காப்பி குடித்தவள்தான். உன்னைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்த மாதம் இருபத்தேழாம் தேதி என்னை விசாரிக்கிறார்கள். முதலாளி உத்தரவிட்டதை நேரில் கேட்டவன் நீ ஒருவன்தான். வக்கீலிடம் கேட்டேன். நீ வந்தாலும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த குற்றம் உன்மேல் கொஞ்சம் நிற்கும் என்கிறார். அதை மறைத்து உன்னை வரவழைக்க எனக்கு மனமில்லை. வர முடியாவிட்டால் நடந்ததை உன் கையால் எழுதி, அங்கே ஒரு நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பு. ரெமிக்கும் நாலு வரி எழுது. மன்னிப்பு என்று எழுத வராவிட்டால், இன்ன தேதியில் இன்னது செய்தேன் என்று மட்டும் எழுது. அது போதும்.

கடல் தாண்டி இருப்பதால் நீ தப்பித்திருக்கிறாய் என்று ஊரில் சொல்கிறார்கள். ஆக்னேசேயின் கடிதங்களைப் படிக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் மூவரில் யாரும் இதற்கு வெளியே இல்லை, மகனே.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும், தேவமாதா உன்னைக் கைவிடாதிருக்கட்டும். ஆலையில் கையைக் காலைப் பத்திரமாக வைத்துக்கொள். நன்றாகத் தூங்கு.

என்றும் உன்,
அம்மா

கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார். திரும்பி வந்து பேனாவைக் கேட்டார். அவர் உனக்குக் கடிதம் எழுதியதே இல்லை. கீழே இருப்பது அவர் எழுத்து:

லிவியோ. இருபத்தேழாந் தேதி அம்மாகூட நானும் போறேன். ஈஸ்டருக்கு முன்னாடி நீ எங்கிட்ட வந்து சொன்னதயும், நான் உன்ன என்ன சொன்னேங்கிறதயும் சொல்லப் போறேன். நீ வரலைன்னாலும் சொல்லுவேன். நீ அன்னிக்குக் கேட்டது சரிதான்டா. அப்பா.