பிஸ்கட்டுக்கு அடியில் இருக்கும் காகிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன்னோடு அறையில் இருக்கிறவளுக்குக்கூட வேண்டாம், போன தடவை நீ இருமுவதைப் போனில் அம்மாவிடம் போட்டுக்கொடுத்தவள் அவள்தானே. படித்ததும் கிழித்துவிடு, கிழித்ததை உன் மருந்துக் கடைக் கூடையில் போடாதே, வெளியே எங்கேயாவது போடு. அம்மாவின் பிஸ்கட் டப்பாவில் மேலே இருக்கும் கடிதத்தை நீ முதலில் படித்திருப்பாய், நாங்கள் எல்லோரும் நலம், நீ நலமா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. போன ஞாயிறு டின் மூடி கிழித்த கட்டைவிரலால் அம்மாவுக்கு இன்னும் பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் அதுவும் என் எழுத்து, இதுவும் என் எழுத்து. ஆனால் ‘எல்லோரும் நலம்’ என்று எழுதும்போது என் கை நின்றுவிட்டது, பார், அந்த இடத்தில் மை திட்டாக இருக்கும். நான் நலம், அப்பா நலம், அத்தையும் நலம்தான். அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

இங்கே விழா களைகட்டிவிட்டது. கடற்கரைச் சாலை முழுக்கச் சரம் சரமாக விளக்கு, ராட்டினம் இரண்டு வந்திருக்கிறது, படகுகளுக்கெல்லாம் காகிதக் கொடி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பஸ் நம் தெருமுனையோடு திரும்பிவிடுகிறது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை, இந்த மாதம் முழுக்க ராத்திரி ஷிப்ட், விடிந்துதான் வருவார். கடைசி நாளான வருகிற ஞாயிறு சாயங்காலம் மேடையில் பத்து நிமிஷ வீட்டுச் சமையல், இந்த வருஷமும் அம்மாதான். தெருவே அம்மாவை ‘பத்து நிமிஷம்’ என்று கூப்பிடுகிறது, அப்பா மட்டும் தட்டைத் தட்டிக்கொண்டு பத்து நிமிஷமாவது பதினஞ்சாவது, எனக்கு இன்னும் வரலையே என்பார். தக்காளி சூப், ஆம்லெட், எலுமிச்சை பிழிந்து ஒரே சட்டியில் வேகவைக்கிற மீன், அவ்வளவுதான். அடுப்பு, சிலிண்டர் எல்லாம் மேடையிலேயே, சுற்றிலும் துணிப்பந்தல். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைப்பார்கள், எங்கள் பள்ளி ஆறாம் வகுப்பு முழுக்க அங்கேதான். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு நாள் சளி என்று உனக்கு எழுதினோமே, அது ஐந்து நாள் காய்ச்சல், எழுந்திருக்கவே இல்லை. அப்போது உதவிக்கு வந்த அத்தைதான் இன்னும் இங்கே இருக்கிறாள். காய்ச்சல் விட்டு அம்மா மறுபடி துறைமுக அலுவலகத்துக்குச் சாப்பாடு கட்ட ஆரம்பித்ததும் டப்பாக்கள் பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வர ஆரம்பித்தன. ஒருநாள் நான் டப்பா எடுக்கப் போனபோது, அந்தக் கண்ணாடி போட்ட கணக்கர் இருக்கிறாரே, என்னம்மா, உங்க வீட்டுல தண்ணிக் குழாயைக் கடலோட இணைச்சிட்டாங்களா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். நம் வீட்டில் உப்பு இரண்டு தடவை விழ வழியே இல்லையே. உப்புப் போட்டவர் பானை மூடியைக் கவிழ்த்து வைக்க வேண்டும், கவிழ்ந்த மூடியைப் பார்த்தால் மற்றவர் உப்பில் கை வைக்கக் கூடாது, உனக்கும் எனக்கும் அம்மா தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. அப்படியும் உப்புக் கரிக்கிறது என்றால் யாரோ வேண்டுமென்றே போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். யாரோ என்ன யாரோ, அத்தை என்றே நினைத்தேன். போன வருஷம் அந்த மேடைக்கு அத்தையும் பேர் கொடுத்தும் அவளைக் கூப்பிடவில்லை, ஞாபகம் இருக்கிறதா. அதுவும் அம்மா குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து அத்தை அடுப்படிக்குள் போவாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பானையைத் திறந்து குழம்பை அள்ளி அள்ளித் தொட்டியில் ஊற்றினாள், தண்ணீர் விட்டாள், மடியிலிருந்து என்னவோ எடுத்துப் போட்டாள், யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், அன்று சாயங்காலமே அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன். அப்பா கத்தவில்லை. அத்தையிடம், அக்கா, இனிமே அடுப்படி வேலை உனக்கு வேண்டாம், நீ உட்கார்ந்து ஓய்வெடு என்று மட்டும் சொன்னார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு முன்னறையில் உட்கார்ந்து விழாவுக்குக் கொடி தைத்துக்கொண்டிருக்கிறாள், அடுப்படி வாசலைக்கூட மிதிப்பதில்லை.

ஆனால் அக்கா, அத்தை அடுப்படிப் பக்கமே போகாத அந்த வாரம்தான் உப்பு இன்னும் கூடியது. டப்பாக்கள் திறந்தபடியே முழுசாக வந்தன. அப்புறம் நான் அம்மாவைப் பார்க்க ஆரம்பித்தேன். பெற்ற தாயைக் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே தெரியும், திட்டாதே. அம்மா உப்புப் போட்டாள், மூடியைக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து கரண்டியில் எடுத்து வாயில் விட்டாள், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மறுபடி எடுத்தாள். அப்புறம் கவிழ்ந்த மூடியை அவளே தள்ளிவிட்டு இன்னொரு பிடி போட்டாள். காபித் தூள் டப்பாவைத் திறந்து மூக்குக்குள் போகிற மாதிரி வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அம்மாவின் முகம் அம்மாவின் முகமாகவே இல்லை.

போன வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்து படியேறும்போதே கேஸ் வாசனை. மாடி வீட்டு வாசல் வரைக்கும் அடித்தது. உள்ளே ஓடினால் அம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறாள், அடுப்புத் திருகு பாதி திறந்திருக்கிறது, தீப்பெட்டி பலகையில் அவள் கைக்குப் பக்கத்தில். நான் திருகை மூடி, ஜன்னல் எல்லாம் திறந்து, வாய்க்கு வந்ததைச் சொன்னேன், தெருவுல அழுகின மீன் கூடை வெச்சிருக்காங்கம்மா, நாத்தம் தாங்கல என்று. அம்மா வெங்காயத்தை விட்டு நிமிராமலே, ஆமா கண்ணு, காலையிலேருந்தே அந்த நாத்தம்தான் என்றாள். தெருவில் மீன் கூடையே இல்லை அக்கா.

மறுநாள் இன்னொரு வேலை செய்தேன், அதற்கு நீ என்னைத் திட்டினாலும் சரி. என் பழைய பல்பொடி டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, காலியாகவே மூடி, அம்மா கண்ணை மூடு, இதுல என்ன இருக்குன்னு மோந்து சொல்லு, எங்க வகுப்புல இந்த விளையாட்டுதான் இப்போ என்றேன். அம்மா சிரித்தாள். மோந்தாள். என் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்பதுபோல ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தாள். அப்புறம், எலுமிச்சைத் தோல்தானே, எங்கிட்டயேவா என்றாள். நான் ஆமாம்மா என்றேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அத்தையிடம் போய் நின்றேன். அவள் கொடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், உங்கம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, அண்ணி, காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கும் நாக்கும் செத்துப் போச்சு, ஞாயித்துக்கிழமை முடியட்டும், அதுவரைக்கும் வாயைத் தொறக்காதீங்க, ஆபீஸ்காரங்க காதுக்குப் போனா சாப்பாடு நின்னுடும்னு கெஞ்சினா. நான் வாயைத் தொறக்கல. உப்பு இழுக்கட்டும்னு உருளைக்கிழங்குதான் போட்டேன், அடுப்பை மூடிட்டாளான்னு பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அதுக்குத்தான் நீ உங்கப்பன்கிட்ட போய் நின்னியே, பெரிய போலீசு. இப்ப நீயே காவல் இரு என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அத்தை மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை, மேடையில் அம்மா தடுமாறட்டும் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் காத்திருக்கிறாளோ என்று தோன்றுகிறது. ஆனால் அடுப்பை மூட ஒரு ஆள் இருந்தாள், அந்த ஆளைத் துரத்தியது நான்தான். அப்பாவிடம் சொல்லேன் என்பாய். நேற்று ஆரம்பித்தேன், அப்பா, அம்மாவுக்கு என்று வாயெடுத்ததுமே, இன்னைக்குப் புகார் உங்கம்மா மேலயா, நாளைக்கு என் மேலயா என்று சிரித்துக்கொண்டே படியிறங்கிவிட்டார். அம்மாவிடம் நேராகக் கேட்கலாம், ஆனால் மருந்து மாத்திரை விஷயத்தில் அம்மா காது கொடுப்பது உன் பேச்சுக்கு மட்டும்தானே.

அதனால் இதைச் செய். இன்று புதன். மாடி வீட்டு லாரி டிரைவர் விடிந்ததும் கிளம்பி, நாளை சாயங்காலம் உன் கடையிலேயே டப்பாவைக் கொடுத்துவிடுவார். பிஸ்கட்டைத் தின்னாதே, ஒன்றே ஒன்றை நுனியில் கடித்துப் பார். வெண்ணெய் கெட்டுப்போய் எவ்வளவு சிக்கு வாடை அடிக்கிறது என்று தெரியும். அந்த வெண்ணெயை அம்மா என் கண்ணெதிரே மோந்துவிட்டுத்தான் மாவில் போட்டாள். அதுதான் சாட்சி, நான் சொன்னதாகச் சொல்லவே வேண்டாம், பிஸ்கட்டே சொன்னதாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை போன் பண்ணு. அம்மா வழக்கம்போல ஸ்பீக்கரில் போடுவாள், ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லு, இல்லாவிட்டால் எல்லோர் முன்னாலும் மறுத்துவிடுவாள். மூக்கு டாக்டரிடம் போகச் சொல்லு, ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு ஆள் இல்லாமல் போகக் கூடாது என்றால் அத்தை பக்கத்தில் நின்று அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லு. முடிந்தால் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடு. அவமானம் என்று அம்மா நினைக்கிறாள் அக்கா, இதில் என்ன அவமானம், நீ சொன்னால் நம்புவாள்.

மேலே உள்ள கடிதத்தில் ஈரத் தலையோடு படுக்காதே, ராத்திரி ஷிப்ட் முடிந்தால் தனியாக நடந்து வராதே, வெறும் டீயைக் குடித்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லாதே என்று இருக்கிறதே, அதெல்லாம் நிஜம், அதையெல்லாம் கேள். என் சூப் கொதிச்சா தெருவே மூக்கைத் தூக்குதாம் என்று இருக்கிற வரியை மட்டும் நம்பாதே. அதைச் சொல்லும்போது அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சின்னவள், உன்னை ஆசீர்வாதம் பண்ண எனக்கு வயசு இல்லை, அதனால் அம்மா சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், கைகால் சுகத்தோடு, நாலு பேர் மெச்ச, நல்லா இரு. மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை, ஸ்பீக்கர் இல்லாமல்.

இப்போது எழுதுவது தையல் மெஷின் அறையில். வெளிச்சம் தெரியக் கூடாது என்று கதவுக்கு அடியில் துண்டைச் செருகியிருக்கிறேன். டப்பாவைத் திறந்து இதை அடியில் வைத்து மறுபடி நூல் கட்ட வேண்டும், அம்மா போட்ட முடிச்சு மாதிரியே

யாரோ நடக்கிறார்கள். அத்தை செருப்பு சத்தம் இல்லை.

கதவைத் தட்டுகிறார்கள் அக்கா. அம்மாதான். மெதுவாகக் கூப்பிடுகிறாள். கண்ணு, முழிச்சிருக்கியா, கொஞ்சம் அடுப்படிக்கு வந்து மோந்து பாரேன், மூடினேனா இல்லையான்னு எனக்குத் தெரியல என்கிறாள். லைட்டைப் போடாதேம்மா என்று சொல்லிவிட்டேன். துண்டை எடுத்தால்தான் எனக்கே வாசனை தெரியும், எடுக்கப்