மேனேஜர் சாப்பிடவில்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பூனை சாப்பிடவில்லை. முகர்ந்தது, மூக்கைச் சுளித்தது, தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டியது. பூனை தன் அசிங்கத்தை மண் தள்ளி மூடுமே, அதே மாதிரி. நின்று நிதானமாகச் சூடுபண்ணிக் கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதை.

என்ன தின்றது, எவ்வளவு தின்றது என்று தினமும் எழுதி வைக்கச் சொன்னார் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததைவிட வாசலில் முட்டி போட்டதுதான் அதிகம். அதை விடு. சாப்பிடாத பூனையைப் பற்றி என்னத்தை எழுதுவது? ஒரு வரியில் முடிந்துபோகும். மீதிப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது, என் வயிற்றெரிச்சலை அதில் கொட்டிக்கொள்கிறேன்.

பூனையின் பெயர் மேனேஜர். அக்கா வைத்தது. போன வருஷம் கைவிட்ட பிராணிகளை வைத்திருக்கும் காப்பகத்துக்குப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். குட்டிகளெல்லாம் கம்பியைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்க, இது மட்டும் எல்லாருக்கும் முதுகைக் காட்டி மூலையில் உட்கார்ந்திருந்ததாம். "பாவம்டா, வயசானதை யாரும் எடுக்க மாட்டாங்க" என்றாள். வயசு காரணமில்லை, குணம்தான் காரணம் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்? வந்த முதல் நாளே எங்கள் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றியது. நாங்கள் மெத்தை தைத்து வைத்திருந்த ஒவ்வொரு நாற்காலியிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தது. ஒன்றும் உருப்படி இல்லை என்கிற மாதிரி இறங்கிப் போனது. அதிலிருந்து மேனேஜர். வாயில் பாதிப் பல் இல்லை. திமிர் மட்டும் முழுசாக இருக்கிறது.

அக்கா, மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். அவள் போன பிறகுதான் மேனேஜருக்குக் கிட்னி தேய்ந்துபோனது தெரிந்தது. டாக்டரம்மா சொன்னது: "இனிமே மீனு, வறுத்தது, உங்க தட்டுல மிச்சம், எதுவும் கிடையாது. இந்த டின் சாப்பாடுதான். பழைய சாப்பாட்டோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து பழக்குங்க. வெதுவெதுப்பா, அகலத் தட்டுல குடுங்க. இந்தப் பவுடரை ஒரு நாளைக்கு ஒரு சின்ன ஸ்பூன் கலந்துடுங்க. ஆனா பட்டினி மட்டும் கிடக்க விடாதீங்க. நாய் தாங்கும், பூனை தாங்காது. ஈரல் போயிடும்."

அக்காவிடம் போனில் சொன்னோம். "நான் வர்றப்ப அது வாசல்ல வந்து நிக்கணும். இல்லன்னா உங்க ரெண்டு பேர் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

ரெண்டு பேர் என்றது என்னையும் அவள் புருஷனையும். அந்த ஆளைப் பற்றி நாளைக்கு.

மார்ச் 5, புதன்

இரண்டு நக்கு நக்கியது. அந்த ஆளைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. நாளைக்கு.

மார்ச் 7, வெள்ளி

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

மச்சான் என்னைவிட மூத்தவன். நேரில் 'நீங்க' என்றுதான் சொல்லி வளர்ந்தேன். நோட்டில் எதற்கு மரியாதை? அவன் வந்தான், அவன் போனான், அவ்வளவுதான்.

பட்டறை எங்கள் இருவருக்கும் பொது. மாடியில் அவர்கள் வீடு, பட்டறைக்குப் பின்னால் என் அறை. சோபா, நாற்காலி, கார் சீட்டு எல்லாம் தைப்போம். போன மழைக்காலத்தில் ஒரு பல் டாக்டர் வீட்டுச் சோபா வந்தது. வெல்வெட். வெல்வெட்டுக்கு முடி ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும். ஒன்று தலைகீழாகப் போனாலும் வெளிச்சத்தில் அது மட்டும் வேறு நிறமாகப் பல்லைக் காட்டும். அப்படி ஒரு திண்டு பல்லைக் காட்டியது. பல் டாக்டர் வீட்டில் பல்லைக் காட்டினால் விடுவார்களா? சோபா திரும்பி வந்தது. வெட்டியது மச்சான். அந்த அம்மாள் முன்னால் அவன் சொன்னது: "என் மச்சினன் வெட்டினதும்மா. அவனுக்குக் கவனம் பத்தாது."

அன்றோடு பேச்சு நின்றது. எங்கள் தொழிலில் பேசாமல் இருப்பது கஷ்டமில்லை. சின்ன ஆணிகளை வாய் நிறையப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்துத்தான் அடிப்போம். வாயில் ஆணி இருக்கிறவனிடம் யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. இப்போதெல்லாம் நான் தையல் மெஷினில் உட்காரும்போதும் ஆணியைத் துப்புவதில்லை.

சொல்லியே ஆக வேண்டியது ஏதாவது இருந்தால் மேனேஜரிடம் சொல்வோம்.

"மேனேஜரே, பெரிய கத்திரியை எடுத்தவங்க எடுத்த இடத்துல வச்சா நல்லாருக்கும்."

"மேனேஜரே, அது எடுத்த இடத்துலதான் இருக்கு. சில பேருக்குக் கண்ணு பின்னந்தலையில இருக்குன்னு சொல்லு."

மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் பின்னங்காலைத் தூக்கி வேறொரு வேலையில் இறங்கும்.

சாப்பாட்டு வேலையை அக்காதான் போனில் பிரித்துக் கொடுத்தாள். காலையில் டின்னைப் பிரித்து, பழையதோடு கலந்து, டப்பாவில் போட்டு, பட்டறை பிரிட்ஜில் வைப்பது அவன். காலைத் தட்டு நான். சாயங்காலத் தட்டு அவன். பவுடரைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, அவனை நம்பி மருந்தை விட முடியுமா? நாற்காலிக்கு ஒரு கை வைத்துத் தைத்தால் மறு கையை மறந்துவிட்டு டெலிவரி கொடுக்கிற ஆள். டப்பாவைத் திறந்து நானே ஒரு ஸ்பூன் கலந்துவிடுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு வாய். அதையும் தரையில் துப்பியது.

தட்டை அதன் மண் தொட்டியிலிருந்து தள்ளி வைத்துப் பார்த்தேன். கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்கும்தான் பிடிக்காது. மாற்றியும் பலனில்லை. வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை மிதக்க விட்டு, விரலால் தொட்டு, என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தேன். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல் விரல் நுனியில் வைத்து நீட்டினேன். விரலை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது பார், ஏதோ நான் தப்பான ஆளிடம் கை நீட்டிவிட்ட மாதிரி.

இந்தச் சமயத்தில் மச்சான் மாடியிலிருந்து இறங்கி வந்தான். ஆளுக்கு முன்னால் மீன் வறுத்த வாசம் வந்தது.

"மேனேஜரே, யாராவது திருட்டுத்தனமா உனக்கு மீன் குடுக்கிறாங்களா? வயித்தை அதுல நிரப்பிக்கிட்டுத்தான் இங்க சீன் போடுறியா?"

"மேனேஜரே, மீனு நான் தின்னேன். உனக்கு ஒரு முள்ளு காட்டல. நீ சாப்பிடாததுக்குக் காரணம் மீன் இல்ல, தட்டு வைக்கிறவன் மூஞ்சின்னு சொல்லு."

"உன் சாயங்காலத் தட்டு மட்டும் காலியாகுதான்னு கேளு மேனேஜரே!"

அவன் வாயில் ஆணியைப் போட்டுக்கொண்டான். ஆக, அவன் தட்டும் காலியாகவில்லை. எனக்கு இதில் சந்தோஷப்பட முடியவில்லை என்பதுதான் எரிச்சல்.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டும். நாற்காலி எதிலும் ஏறவில்லை. ஸ்பாஞ்சு உருளைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. தூக்கினேன். முதுகெலும்பு கையில் தட்டுகிறது, மணி மணியாக.

மார்ச் 12, புதன்

இன்னைக்கும் இல்ல. ஒரு துளி இல்ல. என்னதான் வேணும் உனக்கு? ஊரில் பாதிப் பேர் கிடைச்சதைத் தின்னுட்டுப் போறான், உனக்கு டின்னைப் பிரிச்சு, சுட வச்சு, தாங்கித் தாங்கி — ச்சீ. செத்துத் தொலையேன். உன்னால அக்கா என்னை — இல்ல. சாகாத. நான் சொன்னதைக் காதுல வாங்காத.

கூடையில் துணி போட்டு வைத்தேன். வாசலில் மச்சான் ஏற்கனவே ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்திருந்தான். நான் ஏறி உட்கார்ந்தேன். மடியில் கூடை. வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. மேனேஜரும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

நேற்று ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதுகிறேன். நேற்று எழுதியிருந்தால் பேனா முனை உடைந்திருக்கும்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். நான் கொண்டுபோன பவுடர் டப்பாவை எடுத்துக் குலுக்கினார். பிறகு திறந்து பார்த்தார்.

"இது எங்க போச்சு? இன்னும் பாதிக்கு மேல இருக்கணுமே?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். கொட்டியிருப்பான் என்று நான் நினைத்தேன். நான்தான் கொட்டினேன் என்று அவன் முகத்திலும் எழுதியிருந்தது.

"யாரு பவுடர் போடுறது?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான் டாக்டர்" என்றான் அவனும். கூடவே.

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "டின் பிரிக்கிறப்பவே கலந்துடுவேன்" என்றான் மச்சான், சுவரைப் பார்த்து. "இவன் மறந்துடுவான்னு."

"இவர் மறந்துடுவார்னு நான் போட்டேன்."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஆமா."

"ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்க மாட்டீங்களா?"

அதற்கு என்ன சொல்வது? வெல்வெட் கதையை அங்கே ஆரம்பிக்க முடியுமா? டாக்டரம்மா கொஞ்சம் பவுடரைத் தட்டில் கொட்டி நீட்டினார். "நக்கிப் பாருங்க. ரெண்டு பேரும்." நக்கினோம். சுண்ணாம்புக் கட்டியைக் கடித்த மாதிரி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இதை ரெண்டு மடங்கு போட்டுட்டு, பூனைக்கு வாய்க்கொழுப்புன்னு எங்கிட்ட வந்து சொல்றீங்க. அளவு கூடினா பசியே செத்துப் போயிடும்."

தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினார்கள். பசிக்கு ஒரு மருந்து. பவுடரைத் தான் சொல்லும்வரை தொடக் கூடாது என்றார். டின் சாப்பாட்டைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவாயில் விட வேண்டும். "ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் விடணும். ஒத்தை ஆளால முடியாது." இதைச் சொல்லும்போது அவர் சிரித்த மாதிரி எனக்குப் பட்டது. ஈரலுக்கு இன்னும் ஆபத்து நீங்கவில்லை, இந்த வாரம் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்று சொன்னபோது சிரிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மேனேஜரைப் பழைய படுக்கை விரிப்பில் தலை மட்டும் தெரியச் சுற்றினோம். அவன் பிடித்தான். நான் சிரிஞ்ச்.

இதை மேனேஜர் வழியாகச் சொல்ல முடியாது. அதன் வாய்தான் என் கையில் இருக்கிறதே.

"தலையை நிமித்துங்க."

"நிமித்தித்தான்டா இருக்கேன்."

"இன்னும்."

"கழுத்து ஒடிஞ்சிடும்! நீ பக்கத்துல விடுடா, நடுவுல விடாத."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? தெரிஞ்ச லட்சணம்தான் டப்பா காலியாப் போச்சே."

"உங்க லட்சணம் பல் டாக்டர் வீட்டுச் சோபாவுல இருக்கு!"

அவ்வளவுதான். மழைக்காலத்திலிருந்து ஊறிக் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. வெட்டியது யார், முடி படுத்த திசையைக் காட்டச் சாக்பீஸில் அம்புக்குறி போட்டது யார், அம்புக்குறியை அழித்துவிட்டு டீ குடிக்கப் போனது யார். அவன் கத்துகிறான், நான் கத்துகிறேன், மேனேஜர் நடுவில் சுருட்டி வைத்த பாய் மாதிரி. அம்புக்குறியை அழித்தது நான்தானாம். முழுப் பொய். அதை அவன் அழுதுவிடுகிற குரலில் சொன்னான். அதனால் பொய் என்று திரும்பச் சொல்ல எனக்கு ஒரு கணம் ஆயிற்று.

அந்தக் கணத்தில்தான் பார்த்தேன். சிரிஞ்சிலிருந்து அவன் கட்டை விரலில் வழிந்ததை மேனேஜர் நக்கிக்கொண்டிருந்தது. தானாக. சுத்தமாக நக்கிவிட்டு, அடுத்த விரலில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தது.

அந்த விரலிலும் நான் கொஞ்சம் விட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

கால் தட்டு. தானாக. வாந்தி இல்லை. அம்புக்குறியைப் பற்றி இன்றும் சண்டை. அவன் சொல்வது பொய்தான்.

மார்ச் 20, வியாழன்

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரல் பிழைத்தது. கிட்னி பழையபடி ஆகாது, ஆனால் இந்தச் சாப்பாட்டில் நின்றால் நாள் ஓடும் என்றார் டாக்டரம்மா. அரைத் தட்டு தின்கிறது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சிவப்பு மூடி டின்னைத் தொடாது, பச்சை மூடிதான் வேண்டுமாம். பார்த்தால் இரண்டிலும் ஒரே சேறுதான்.

அது தின்னும்போது மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து "சாப்டு கண்ணு, சாப்டு" என்கிறான். ஐம்பத்தெட்டு வயசு ஆள். கேட்கச் சகிக்கவில்லை.

மார்ச் 29, சனி

அக்கா போன் செய்தாள். பெண் குழந்தை. சுகம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் "மேனேஜர்?" என்றாள். மச்சான் போனைப் பூனை வாயருகே கொண்டுபோனான். அது மென்றுகொண்டிருந்த சத்தத்தைக் கேட்டு அக்கா அழுதாள். பிறந்த குழந்தைக்கு அழுதாளா, இதற்கா என்று தெரியவில்லை.

"ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?"

"எங்க பேசுறான், கத்துறான்" என்றான் மச்சான்.

"அவர் கத்துறார்க்கா."

திங்கள் முதல் பவுடரை மறுபடி ஆரம்பிக்கலாமாம். ஒரு ஸ்பூன். ஒரே ஒரு ஆள் போட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பு. அந்த ஒரு ஆள் யார் என்பதில் இன்று மதியம்வரை வேலை நடக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒரு ஓட்டலுக்கு நாற்காலிகள் கொடுக்க வேண்டியிருந்தது. மச்சான் வண்டியில் ஏற்றிவிட்டு வாசலில் நின்று கத்தினான்: "பவுடர் போட்டாச்சுடா. நீ கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"போட்டது நிஜமா?"

"என் தலையில அடிச்சுச் சொல்லணுமா?"

போய்விட்டான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். கலந்த பிறகு பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நக்கிப் பார்த்தால் தெரியும். ஸ்பூன் கையில் இருந்தது.

நக்கிப் பார்க்காமலே ஸ்பூனை வைத்துவிட்டுத் தட்டை எடுத்துப் போனேன். முக்கால் தட்டு தின்றது.