அக்காவுக்கு ஆறிய கஞ்சி

செவ்வாய்க்கிழமை

அடுத்த வாரம் நடக்கும் இதய ஆபரேஷனுக்கு முன்னால் பல்லைச் சுத்தம் செய்துவிட்டு வரும்படி ஆஸ்பத்திரியில் சொன்னதால், இன்று அக்காவை அலோர் காஜா கிளினிக்குக் கூட்டிப்போனேன். "இன்னிக்குச் சூடு, காரம் வேணாம். ஈறுல கொஞ்சம் ரத்தம் வரும், பயப்படாதீங்க. உப்புத் தண்ணியில மெதுவா கொப்பளிங்க" என்றார் பல் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "நண்டுக் கறி வைலா" என்றாள்.

"டாக்டர் சொன்னது அதுக்குள்ள மறந்துபோச்சா?" என்று ஆறிய கஞ்சியைக் கொடுத்தேன். முகம் வாடினாலும் மறுக்காமல் குடித்தாள். பிறகு கொப்பளித்துத் துப்பிய தண்ணீரில் ரத்தம் கலந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், "அடுத்த வாரம் முழிச்சு வந்தா, நண்டு வச்சுக் குடு" என்றாள்.

'வந்தா' இல்லை, 'வந்ததும்' என்று நான் திருத்தியிருக்க வேண்டும். "பெரிய நண்டா வாங்குறேன்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்து அறையில் புரண்டு படுக்கிறாள். இன்னும் தூங்கவில்லை.